டெஸ்ஸின் நாக்கும் நாற்பத்தாறு சோப்பும்

அந்தக் கிறிஸ்துமஸ் காலை ஆராதனையில் ஒன்பது பேர் சொறிந்துகொண்டிருந்தார்கள். நான் எண்ணினேன். பிரசங்கம் நீளம், வெளியே நாற்பத்தொரு டிகிரி, கோயிலுக்குள் இருந்த ஒற்றை மின்விசிறி போதகர் பக்கம் திரும்பியிருந்தது. எண்ணுவதைத் தவிர வேறு வேலை இல்லை. மற்றவர்கள் சொறியவில்லை. நானும் அம்மாவும் சொறியாதவர்கள் பக்கம் இருந்தோம். அதைப் பற்றி எங்கள் வீட்டில் இன்றுவரை பேச்சில்லை.

எங்கள் ஊர் வில்டாராவில் பார்லியும் ஆடும்தான். ஆஸ்திரேலியாவில், அடிலெய்டிலிருந்து வடக்கே மூன்று மணி நேரம் ஓட்டினால் வரும். கவனிக்காமல் ஓட்டினால் வந்ததே தெரியாமல் தாண்டிப் போய்விடலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு அக்கம்பக்கத்தாருக்குக் கடையில் வாங்கிய எதையும் கொடுக்கக் கூடாது என்பது இங்கே கட்டுப்பாடு. ஒரு வறட்சி வருஷம் ஊர் மண்டபத்தில் கூடிக் கைதூக்கித் தீர்மானித்தது. வறட்சி போய்விட்டது. தீர்மானம் போகவில்லை.

ஆகவே வீட்டுக்கு வீடு ஒரு பொருள். ஒருமுறை செய்ததை மாற்றவும் முடியாது, மாற்றினால் போன வருஷத்தது சரியில்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். தபாலாபீஸ் ஜாய்ஸ் பழைய ஜாம் பாட்டிலில் மெழுகுவத்தி ஊற்றுவார். திரி ஒருநாளும் நடுவில் நின்றதில்லை. கறிக்கடை கெவ் குதிரை லாடத்தை வளைத்துக் கோட் மாட்டும் கொக்கி செய்வார். எங்கள் வீட்டில் கோட் இரண்டு, கொக்கி பதினான்கு. அம்மா, ஊருக்கு அவள் பெவ், பழக்கேக் செய்வாள். அதைப் பற்றி மகன் சொல்வது முறையல்ல. எதைக் கையில் வாங்கினாலும் சொல்ல வேண்டிய சொல் ஒன்றுதான்: "அருமை." சொன்ன பிறகு அது ஏதாவது ஒரு இழுப்பறைக்குள் போகும்.

பக்கத்து வீட்டு நோரீன் ஹாக்கிங் செய்வது சோப்பு.

நவம்பர் பிறந்ததும் கெவ் கடையிலிருந்து ஆட்டுக்கொழுப்பு வாளியில் வரும். தண்ணீரும் உப்பும் போட்டுக் கொதிக்கவிட்டு, ஒருநாள் ஆறவிட்டால் கொழுப்பு மேலே வெள்ளைத் தட்டாக உறையும், அழுக்கும் தண்ணீரும் அடியில் நிற்கும். தட்டைத் தூக்கித் துடைத்து எடை போடுவார். அந்த எடைக்குத் தக்க காரம், அதாவது சாக்கடை அடைப்பெடுக்க ஹார்டுவேர் கடையில் விற்கும் காஸ்டிக் சோடாவேதான், தண்ணீரில் கரைத்துக் கொழுப்பில் ஊற்றித் துடுப்பால் கிளற வேண்டும். கஞ்சிப் பதம் வந்ததும் கொஞ்சம் யூகலிப்டஸ் எண்ணெய், காகிதம் விரித்த பழப்பெட்டி, மறுநாள் கம்பியால் அறுத்தால் நாற்பத்தாறு கட்டி. ஒவ்வொன்றிலும் வருஷத்தை முத்திரை குத்தி, துணி துவைக்கும் அறையில் பழைய கொசுவலைச் சட்டத்தின்மேல் ஆறு வாரம் காயப்போடுவார். பழுப்புக் காகிதம், சணல் நூல், முடிச்சில் செருகிய ஒரு யூகலிப்டஸ் காய். பார்க்க நன்றாக இருக்கும். முகர்ந்தால் மழையில் நனைந்த ஆடு ஒன்று யூகலிப்டஸ் மரத்தடியில் ஒதுங்கி நிற்பதுபோல் இருக்கும்.

காரம் கூடிப்போனால் சோப்பு தோலைத் தின்னும். அதைக் கண்டுபிடிக்க வழி நாக்குதான். கட்டியின் மூலையை நாக்கால் தொட வேண்டும். வெறும் சோப்பு ருசி என்றால் சரி. டார்ச் பேட்டரியைத் தொட்டதுபோல் சுரீர் என்றால் மொத்தத்தையும் புதைக்க வேண்டும். அந்த வேலை நோரீனின் கணவர் டெஸ்ஸுடையது. கல்யாணமான வருஷம் நோரீன் முதல் சோப்பை நக்கப் போனபோது, "உன் நாக்குக்கு ஏதாச்சும் ஆயிட்டா வீட்டுல யாரு பேசுறது, குடு இப்படி" என்று வாங்கி நக்கினாராம். நாற்பது வருஷமாக அது அவருடைய உத்தியோகம். பள்ளிக்கூட பஸ் ஓட்டியது அதற்கு அடுத்தபடிதான். கண் மங்குகிறது என்று இரண்டு வருஷம் முன்பு பஸ்ஸை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். நாக்கு மிச்சம் இருந்தது.

டிசம்பர் இருபதாம் தேதி சோப்பு வீடு வீடாகப் போனது. ஊர் அருமை என்றது.

ஆராதனை முடிந்து வெளியே மிளகுமர நிழலில் எல்லோரும் எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டிருந்தோம். வடக்குக் காற்று அடுப்பைத் திறந்துவிட்டதுபோல் வந்தது. தானியக் குதிரில் லாரி எடை போடும் லான்ஸின் கழுத்து, கழுவிய பீட்ரூட் நிறத்தில் இருந்தது. லான்ஸ் யாருக்கும் நன்றி சொன்னதாகவோ, வந்தவரை உட்காரச் சொன்னதாகவோ ஊரில் பதிவில்லை.

நோரீன் கிட்டே போனார். "என்ன லான்ஸ், கழுத்து இப்படிச் செவந்து கெடக்கு?"

"வெயிலு."

"காலருக்கு உள்ளயா?"

"பார்லித் தூசி."

"அறுப்பு முடிஞ்சு மூணு வாரமாச்சேப்பா."

"எனக்கு லேட்டாத்தான் அரிக்கும்," என்று சொல்லிவிட்டு லான்ஸ் மரத்தின் அந்தப் பக்கம் போய், முதுகை மரத்தில் ஒருமுறை தேய்த்துக்கொண்டார்.

அந்தப் பக்கம் டானியா ஆறு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். குழந்தையின் தொடை இரண்டும் சிவந்து, மடிப்பில் பொரிப்பொரியாக இருந்தது.

"புள்ளைக்கு என்னம்மா இது?"

"பல்லு மொளைக்குது ஆன்ட்டி."

"தொடையிலயா?"

டானியா குழந்தையின் சட்டையைக் கீழே இழுத்துவிட்டாள். "சோப்பு ரொம்ப அருமை ஆன்ட்டி," என்றாள். கேட்காமலே சொன்னாள்.

நோரீன் கையிலிருந்த கிளாஸை அப்படியே மதில்மேல் வைத்துவிட்டு நடந்து வீட்டுக்குப் போனார். டெஸ் பின்னாலேயே ஓடினார்.

மறுநாள் நடந்தது அம்மா பார்த்தது. முந்தின நாள் வாங்கிய பீங்கான் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தாள். ரேடியோவில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருக்க, டெஸ் சமையலறை மேசையில் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தார். நோரீன் துணி துவைக்கும் அறையில் இருந்தார், கையில் விளிம்பு உடைந்ததால் யாருக்கும் கொடுக்காமல் வைத்த ஒரு கட்டி. அவர் தனக்கென்று எப்போதும் பழைய வருஷத்து சோப்பைத்தான் வைத்துக்கொள்வார். புதியது பிறருக்கு. அதனால்தான் ஹாக்கிங் வீட்டில் மட்டும் யாருக்கும் தோல் சிவக்கவில்லை.

அம்மா பார்க்கும்போதே நோரீன் அந்தக் கட்டியை நாக்கால் தொட்டார். உடனே குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்தார். மூன்று முறை கொப்பளித்தார். பிறகு சமையலறைக்கு வந்து கெட்டிலைப் போட்டார். டெஸ்ஸின் கோப்பையில் இரண்டு ஸ்பூன் உப்பைப் போட்டுக் கலக்கிக் கொண்டுபோய் வைத்தார்.

டெஸ் ஸ்கோரிலிருந்து கண்ணை எடுக்காமல் குடித்தார்.

"டீ எப்படி இருக்கு?"

"அருமை."

"சக்கர போதுமா?"

"கரெக்டா இருக்கு. நீ போட்டு என்னிக்குத் தப்பியிருக்கு?"

அம்மா பாத்திரத்தை வைத்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. கால் எழவில்லை என்று பிறகு சொன்னாள். எங்கள் அம்மாவின் கால் இப்படிப்பட்ட நேரங்களில் எழாது.

"டெஸ், அதுல ரெண்டு ஸ்பூன் உப்பு."

டெஸ் கோப்பைக்குள் பார்த்தார். பார்த்துவிட்டு இன்னொரு வாய் குடித்தார், சரிபார்ப்பதுபோல். பிறகு ரேடியோவை அணைத்தார்.

"எப்பலேர்ந்து?"

"ஆகஸ்ட்டு."

"பல்லு புடுங்கப் போனியே, அப்பவா?"

"கீழ் கடவாப்பல்லு ரெண்டையும் எடுத்தாங்கல்ல. நாக்கு மரத்துப்போச்சு. மருந்து எறங்குனா சரியாயிடும்னாங்க. எறங்கிடுச்சு, சரியாவல. அப்புறம் நரம்புன்னாங்க, ஆறு மாசம் ஆகலாம்னாங்க. ஆகாமயும் போகலாம்னாங்க."

"என்கிட்டச் சொல்லல."

"சொல்லல."

"செப்டம்பர்ல ஆட்டுக்கறி ரோஸ்ட் கருகிப்போச்சுன்னு நான் அழுதேன். நல்லாத்தான் இருக்கு, இன்னும் ஒரு துண்டு வையின்னு கேட்டு வாங்கித் தின்ன."

"பசிச்சுது."

"என் பொறந்தநாளுக்கு லெமன் பை சுட்டேன். இதுவரைக்கும் பண்ணதுலயே இதுதான் பெஸ்ட்டுன்ன. அந்தக் கைப்பக்குவத்த அப்படியே எழுதி வச்சிருக்கேன் டெஸ். ஜாய்ஸுக்கும் எழுதிக் குடுத்தேன்."

டெஸ் பென்சிலைக் கீழே வைத்தார். அந்தக் கணத்தில் அம்மா, ஜாய்ஸ் அந்த லெமன் பையைச் சுட்டுக் கொண்டுவந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொண்டாளாம். ஊர் அதையும் அருமை என்றிருந்தது.

"சோப்ப நக்குனியா இல்லையா?"

"நக்குனேன்."

"என்ன தெரிஞ்சுது?"

"ஈரம்."

"அப்புறம் எந்த தைரியத்துல சரின்னு சொன்ன?"

"நாப்பது வருஷமாச் சரியாத்தான இருந்துச்சு. நீ ஒரு தடவகூடத் தப்பா எட போட்டதில்ல. என் நாக்கு சும்மா பேருக்குத்தான்னு நெனச்சேன்."

"பேருக்கு வேணும்னா காலண்டர நக்கச் சொல்லியிருப்பேன்."

"பஸ்ஸ எடுத்துக்கிட்டாங்க நோரீன்," என்றார் டெஸ். "வருஷத்துல ஒருநாளு நீ கூப்புட்டு, டெஸ், வந்து பாருன்ற. தெரியலன்னு எப்படிச் சொல்றது."

நோரீன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "தப்பு என்னோடது," என்றார், டெஸ்ஸிடம் இல்லை, மேசையிடம். "நவம்பர்ல அந்த வெக்கையில கொழுப்பு சரியா உறையவே இல்ல. கொழகொழன்னு இருந்துச்சு. தண்ணி உள்ளயே நின்னிருக்கு. தண்ணியச் சேத்து எட போட்டு அதுக்குக் காரம் போட்டுட்டேன். அப்பவே மனசுல பட்டுச்சு. டெஸ் பாத்துக்குவான்னு விட்டுட்டேன்."

 பிறகு நோரீன், "டானியா புள்ளைக்குத் தொட வெந்திருக்கு," என்றார். டெஸ் உப்பு டீயைத் தள்ளி வைத்தார்.

அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "போன் பண்ணிக் குப்பையில போடச் சொல்லிடலாமே. நான் வேணா எல்லாருக்கும் பண்றேன்."

"போன்ல சொன்னா என்ன சொல்வாங்க? 'ஐயோ நோரீன், எங்களுக்கு ஒண்ணும் ஆகல, அருமையா இருக்கு'ம்பாங்க. அதுக்காகவே இன்னொருதரம் போட்டுக் குளிப்பாங்க. இந்த ஊர எனக்குத் தெரியாதா பெவ். கையில வாங்கிட்டு வந்தாத்தான் உண்டு."

"குடுத்தத திருப்பிக் கேக்குறதா?"

"ஆமா."

"நம்ம ஊர்ல யாரும் அப்படிச் செஞ்சதில்லையே."

"புள்ளையச் சுட்டதும் யாரும் இல்ல," என்று நோரீன் துணிக்கூடையை எடுத்தார். டெஸ் நகராமல் இருப்பதைப் பார்த்து, "நாக்கு உன்னோடது, நடக்குறது மட்டும் நானா? வந்து வண்டியில ஏறு," என்றார்.

அம்மா வேலியைத் தாண்டி வீட்டுக்கு ஓடிவந்து போனை எடுத்தாள். போனில் சொல்ல வேண்டாம் என்று நோரீன் சொன்னது சோப்பைக் குப்பையில் போடச் சொல்வதைப் பற்றித்தான், பொதுவாக எங்கள் ஊர்ச் செய்திகளைப் பற்றியல்ல என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

முதல் வீடு டானியா. நோரீன் மன்னிப்புக் கேட்டு அழ, அவள் சமாதானம் சொல்லி அழ, குழந்தை இருவரையும் பார்த்துச் சிரித்ததாம். இரண்டாவது லான்ஸ். இதை டெஸ் பிறகு சொன்னார். அவர் வண்டியில் துணிக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல், லான்ஸின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சோப்பக் குடு லான்ஸ்."

"எதுக்கு?"

"காரம் கூடிப்போச்சு. உன் கழுத்து அதுனாலதான்."

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் போட்ட?"

லான்ஸ் உள்ளே போய்க் கொண்டுவந்தார். ஆறு நாளில் கட்டியின் மூலைகள் உருண்டு, குத்திய வருஷம் பாதி அழிந்திருந்தது. கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "வருஷா வருஷம் இதத்தான போடுறேன். டிசம்பர் வந்தா புதுசு வரும். அது தீர்ற வரைக்கும் வேற சோப்பு வாங்குறதில்ல," என்றார். லான்ஸ் இவ்வளவு நீளமாகப் பேசி டெஸ் கேட்டதில்லை. "எரிஞ்சுது. மறுநாளு சரியாயிடும்னு பாத்தேன்."

"குடு லான்ஸ்."

"அப்ப இந்த வருஷம் எதப் போடுறது?"

நோரீன் அதை அவர் விரல்களிலிருந்து பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. தன் வீட்டுப் பழைய சோப்பில் நாலு கட்டி அனுப்புவதாகச் சொல்லிவிட்டு வந்து வண்டியில் ஏறினார். லான்ஸ் வீட்டில் கிடைத்ததுதான் அன்று அவருக்குக் கிடைத்த கடைசி நல்ல விஷயமாக இருந்திருக்கும். அடுத்தது ஜாய்ஸ்.

ஜாய்ஸ் வீட்டு இழுப்பறை திறக்கவில்லை. இரண்டு பேராகச் சேர்ந்து இழுத்ததில் மொத்தமாகக் கையோடு வந்துவிட்டது. பழுப்புக் காகிதம், சணல் நூல், யூகலிப்டஸ் காய். இருபத்தோரு வருஷத்துக் கட்டிகள், ஒன்றுகூடப் பிரிக்காமல், வருஷ வரிசையில். "பிரிக்க மனசு வரல நோரீன், அவ்வளவு அழகா இருந்துச்சு," என்றாராம் ஜாய்ஸ். நோரீன் மேலாக இருந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். பிறகு ஜாய்ஸின் கையைப் பார்த்தார். கை வெள்ளையாக, வழவழப்பாக, நன்றாக இருந்தது.

அடுத்த ஐந்து நிமிஷத்தில் எங்கள் வீட்டு போன் அடித்தது.

"பெவ், அவ தோலப் பாக்குறா," என்றார் ஜாய்ஸ். "ஒண்ணும் சொல்லல. கையப் பாத்துட்டு அப்படியே போயிட்டா. எனக்கு எங்க போயி ஒளியறதுன்னு தெரியல. கெவ் வீட்டுக்குத் திரும்பிட்டாங்க. நீயாச்சும் பாத்துக்கோ."

அம்மா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். இருவருக்கும் தோல் அருமையாக இருந்தது.

எங்களுடையது துண்டுகள் அடுக்கும் அலமாரியில், பின்னால், ஜாய்ஸின் மெழுகுவத்திகளுக்கும் கெவ்வின் உபரிக் கொக்கிகளுக்கும் இடையில் இருந்தது. அம்மா இந்த வருஷத்துக் கட்டியின் காகிதத்தைக் கிழித்தாள். காயைப் பத்திரமாக எடுத்து வைத்தாள், ஏன் என்று தெரியவில்லை. சமையலறைக் குழாயில் நனைத்து மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தேய்த்துக்கொண்டாள்.

"அம்மா, என்ன பண்ற?"

"வாய மூடிக்கிட்டுக் கைய நீட்டு."

"இது பொய் இல்லையா?"

"இருவது வருஷமா அருமைன்னு சொன்னியே, அது என்ன? நீட்டுடா."

நீட்டினேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு எறும்பு ஊர்வதுபோல், பிறகு எறும்புகளுக்கு என்மேல் கோபம் வந்ததுபோல் இருந்தது. அம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள், கேக்குக்கு நிற்பதுபோல். கட்டி தேய்ந்ததாகத் தெரிய வேண்டுமென்று மூலைகளைத் தொட்டி விளிம்பில் உரசினாள். சோப்பு எளிதில் தேயவில்லை. நோரீனின் சோப்பு கெட்டி.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. அன்று சாயங்காலத்துக்குள் வில்டாராவில் முப்பது பேருக்காவது புதிதாகக் கை சிவந்தது. கெவ் அவசரத்தில் முகத்தில் தேய்த்துக்கொண்டு மூன்று நாள் கடையைத் திறக்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு அவர்கள் கடைசியாகத்தான் வந்தார்கள். கூடை நிறைந்திருந்தது. டெஸ் இந்தமுறை வண்டியில் உட்காரவில்லை, உள்ளே வந்தார். "உக்காருங்க டெஸ், டீ போடுறேன்," என்றாள் அம்மா.

"எதையாச்சும் குடு பெவ். எனக்கு எல்லாம் ஒண்ணுதான்," என்றார். ஊருக்கே தெரிந்துவிட்டதில் அவர் முகத்தில் வெட்கமும் இருந்தது, கொஞ்சம் விடுதலையும் இருந்தது. அம்மாவின் பழக்கேக்கில் இரண்டு துண்டை எந்தக் கஷ்டமும் இல்லாமல் சாப்பிட்டார். எங்கள் ஊரில் அதைச் செய்தவர் அவர் ஒருவர்தான்.

நோரீன் உட்காரவில்லை. அம்மா ஈரக்கட்டியை நீட்டினாள், கூடவே கையையும், சிவப்பு தெரியும் பக்கமாக.

"அரிப்புத்தான் நோரீன். நாலஞ்சு நாளாவே. பரவால்ல. பெருசா ஒண்ணுமில்ல."

நோரீன் கையைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். கட்டியைத் திருப்பிப் பார்த்தார். குத்திய வருஷம் நான்கு இலக்கமும் கூராக, ஒரு கோடு மழுங்காமல் இருந்தது. தொட்டியில் நனைந்த பழுப்புக் காகிதம் கிடந்தது.

அவர் கட்டியைக் கூடையில் போட்டார். அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய்க் குழாயடியில் வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டார். என்னையும் சைகை காட்டிக் கூப்பிட்டார். இருவர் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் மெதுவாக வழித்து வழித்துக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். டெஸ் கேக் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் காது இரண்டும் கையைவிடச் சிவந்திருந்தது.

"காஞ்ச துணியால ஒத்துங்க, தேய்க்காதீங்க," என்றார் நோரீன். "இன்னிக்குப் பட்டதுதான. நாளைக்கே போயிடும்."

துண்டு எடுக்க அவரே அலமாரியைத் திறந்துவிட்டார். நாங்கள் தடுக்கும் முன் திறந்துவிட்டார். துண்டுகளுக்குப் பின்னால் இருபது பழுப்புக் காகிதப் பொட்டலங்கள் இருந்தன. அவர் ஒன்றை எடுத்து முகர்ந்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.

"இதெல்லாம் கெட்டுப்போகல பெவ்," என்றார். "சோப்பு பழசாக ஆக நல்லாயிருக்கும். இப்ப ரொம்ப நல்லா இருக்கும்." துண்டை என்னிடம் கொடுத்துவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டார். வாசலில் டெஸ் கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். இருவரும் வேலி ஓரமாக நடந்து போனார்கள்.

அடுத்த நவம்பரில் நோரீன் சோப்பு செய்தார். காய்ந்ததும் அவர் முதலில் நாக்கால் தொட்டுப் பார்த்து, பிறகு டெஸ்ஸிடம் நீட்டினார். டெஸ்ஸுக்கு நாக்கின் இடதுபக்கம் கொஞ்சம் திரும்பியிருந்தது. வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன், இருவரும் ஒரே கட்டியை மாறி மாறி நக்கிக்கொண்டு தீவிரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு லான்ஸுக்கும் டானியாவுக்கும் கோயிலில் சொறிந்த மற்ற ஏழு பேருக்கும் மட்டும் சோப்பு போனது. எங்களுக்கு நோரீனிடமிருந்து ஒரு மெழுகுவத்தி வந்தது. கடையில் வாங்கியது. அடிலெய்ட் கடையின் சீட்டு அடியில் ஒட்டியபடி இருந்தது. திரி நட்ட நடுவில் நின்றது. "அருமை," என்றாள் அம்மா.

அலமாரியில் இருந்த சோப்பை நாங்கள் இப்போது பயன்படுத்துகிறோம். பழையதிலிருந்து தொடங்கினோம். ஆட்டு வாசம் எப்போதோ போய்விட்டது. நுரை தடிமனாக வருகிறது, டிசம்பர் வெயிலில்கூடத் தோல் வெடிப்பதில்லை, ஒரு கட்டி இரண்டு மாதம் நிற்கிறது. என் வாழ்க்கையில் இதைப்போல் ஒரு சோப்பை நான் தொட்டதில்லை. இதை நோரீன் ஆன்ட்டியிடம் சொல்ல வேண்டுமென்று ஒவ்வொரு முறை குளிக்கும்போதும் தோன்றும். வேலி வரை போகவும் போயிருக்கிறேன். ஆனால் அதற்கு உரிய சொல்லை, சோப்பைத் தொடாமலே, இருபது வருஷம் சொல்லி முடித்துவிட்டோம். வேறு சொல் எங்கள் வீட்டில் இல்லை.